கால் படுகிற இடத்துக்கு மட்டும் கல்

எங்கள் தெருவில் 31 வீடுகள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவற்றில் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே மண் தெரிகிற வீடுகள் இன்றைய தேதிக்கு 9. பாக்கி 22 வீடுகளில் சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லாக் சிமென்ட் கட்டைகள். இரண்டு மூன்று வீடுகளில் வழவழ டைல்ஸ். அடுத்த மாதம் நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. மிச்சமிருக்கிற வீடுகளும் சேர்ந்துகொண்டால் ஒரே கான்டிராக்டர் எல்லார் வீட்டு முன்பக்கத்தையும் விலை குறைத்துப் போட்டுக் கொடுப்பாராம். காம்பவுண்டுக்கு வெளியே, சாலை ஓரத்தில் இருக்கிற இரண்டடி மண்ணையும் சேர்த்து மூடிவிடுவாராம். "தெரு முழுக்க ஒரே சீரா, நீட்டா இருக்கும் சார்" என்று வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் எதிர்த்துக் கை தூக்கப் போகிறேன். காரணத்தைக் கூட்டத்தில் சொல்ல மூன்று நிமிஷம் கொடுப்பார்கள். அதற்குள் டிபன் வந்துவிடும். ஆகவே இங்கே விஸ்தாரமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் கல்லுக்கு விரோதி இல்லை. சேற்றில் வழுக்கிக்கொண்டு போய் வாசற்படி ஏற வேண்டும் என்று எழுபது வயதுக்காரர்களுக்கு உபதேசம் செய்கிறவனும் இல்லை. வீட்டு முன்னால் நல்ல கல் பாதை ஒன்று இருக்கத்தான் வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்: கால் படுகிற இடத்துக்கும் சக்கரம் உருள்கிற இடத்துக்கும் கல். மற்ற இடமெல்லாம் மண், மண்ணில் செடி. அந்தச் செடியை வைக்கிற காலம் புரட்டாசி, ஐப்பசி. சங்கத்தார் அவசரப்படுகிறதும் இதே இரண்டு மாதத்தில்தான் என்பது என் வயிற்றெரிச்சலின் இன்னொரு பாதி.

பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவன் நான். கணக்குப் போடாமல் எனக்குப் பேச வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில், தாம்பரத்துக்குக் கிழக்கே, பெரும்பாலான மனைகள் ஒரு கிரவுண்டு. 2,400 சதுர அடி, 40-க்கு 60. வீட்டுக்கு முன்னால் 12 அடி விட்டுக் கட்டியிருந்தால் முன்வாசல் 480 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 45 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இது பள்ளிக்கூடத்துப் பெருக்கல். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் பெய்கிறது, பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டி வருகிற வடகிழக்குப் பருவ மழை. 45-ஐ 1,400-ஆல் பெருக்குங்கள். 63,000 லிட்டர். கூரை மழையைச் சேர்க்கவில்லை, முன்வாசலில் மட்டும் விழுகிற மழை. அதில் பாதி ஆவியாகவும் ஓட்டமாகவும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 30,000 லிட்டர் மண்ணுக்குள் இறங்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் இரண்டரை லாரி. நம் வாசலுக்கு, பைசா வாங்காமல், ஹாரன் அடிக்காமல் வருகிற இரண்டரை லாரி. 31 வீட்டுக்குப் பெருக்கினால் ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேல்.

இதைத்தான் நாம் சதுர அடிக்குக் காசு கொடுத்துத் தெருச் சாக்கடைக்குத் தள்ளிவிடுகிறோம்.

"பேவர் பிளாக் இடுக்கு வழியா தண்ணி இறங்கிடும் சார்" என்று கான்டிராக்டர்கள் சொல்வார்கள். தண்ணீர் இறங்குகிற மாதிரி கட்டைகளைப் போடவும் முடியும், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு அகலமான இடுக்கு வேண்டும், இடுக்கில் பொடி ஜல்லி வேண்டும், அடியிலும் தண்ணீர் நின்று இறங்குகிற ஜல்லிப் படுகை வேண்டும். நம் தெருவில் நடந்தது என்ன? மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். கிரஷர் தூளைக் கொட்டி இயந்திரத்தால் தட்டி இறுக்கினார்கள். இரண்டு வீட்டில் கீழே கான்கிரீட்டே போட்டுவிட்டார்கள். கட்டையோடு கட்டையை நெருக்கி அடித்து, இடுக்கில் நைஸ் தூளைப் பெருக்கி விட்டார்கள். முதல் மழையில் இந்தத் தூள் சிமென்ட் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அதில் இறங்குவது எறும்பு மட்டும்தான்.

சந்தேகமிருந்தால் அடுத்த மழைக்கு ஒரு குடையோடு என் வீட்டு வாசலுக்கு வாருங்கள். எதிர் வரிசையில் கேட்டுக்குக் கீழே காவி நிறத்தில் தண்ணீர் எப்படிப் பாய்ந்து வெளியே வருகிறது என்று காட்டுகிறேன். அரை மணி மழைக்கே தெருமுனையில் கணுக்கால் அளவு நிற்கிறது. அங்கே இருக்கிற தையல்கடைக்காரர் ஒவ்வொரு கார்த்திகையிலும் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார். அவர் கடைக்கு முன்னால் ஒரு சதுர அடிகூடக் கட்டை போட்டதில்லை. போட்டது மேட்டில் இருக்கிற நாம்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அந்த மாதிரி மழையை எந்த முற்றத்து மண்ணும் குடித்துவிடாது. மண் வாசல் இருந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பேசுவது வருஷத்தில் இருபது முப்பது தடவை வருகிற சாதாரண மழையைப் பற்றி. மூன்று செ.மீ., நான்கு செ.மீ. அதைக் குடிக்கிற சக்தி தோட்ட மண்ணுக்கு உண்டு. தெருமுனையில் தண்ணீர் நிற்பதும் கிணறு ஏறுவதும் இந்தச் சாதாரண மழையைப் பொறுத்த சங்கதிகள்.

கிணறு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது எவ்வளவு பரபரப்பு! ஆகஸ்ட் கடைசிக்குள் தோண்டாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்று பேச்சு. கொத்தனார்களுக்கும் உறை விற்றவர்களுக்கும் அந்த ஆடி ஆவணியில் கை ஓயவில்லை. நம் தெருவில் எல்லா வீட்டிலும் குழி தோண்டினோம், கூழாங்கல்லும் மணலும் நிரப்பினோம். அடுத்த இரண்டு வருஷ மழையில் கிணறுகள் எப்படி மேலே வந்தன என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாம். இப்போது அந்தக் குழிகள் எங்கே? கட்டை போட்ட வீட்டுக்காரர்களில் ஏழெட்டுப் பேரை நானே கேட்டேன். "இதுக்குக் கீழதான் எங்கேயோ இருக்கு" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார்கள். குழியின் மூடிமேலேயே கட்டை போட்டாகிவிட்டது. மொட்டை மாடிக் குழாயைத் தெருவுக்குத் திருப்பியாகிவிட்டது.

2019 ஜூனில் எங்கள் உறைக்கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் அந்த ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றதைப் பார்த்தோம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வருகிற தண்ணீருக்கு மாலை. வாசலில் வந்து விழுகிற தண்ணீருக்குச் சாக்கடை.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அதில் நியாயமான பயங்கள் இருக்கின்றன. கேலி செய்ய மாட்டேன்.

பாம்பு வரும் என்கிறார்கள். வரலாம். எலிக்காகவும் தவளைக்காகவும் வரும். எலி எங்கே குடியிருக்கிறது? அடுக்கி வைத்த பழைய செங்கல், தேங்காய் மட்டை, உடைந்த கம்மோடு, எடுக்கப்படாத விறகு இவற்றின் கீழே. பெருச்சாளிக்கு மிகவும் பிடித்த இடம் இந்த இன்டர்லாக் தரையின் அடிப்பக்கம்தான். மேலே கூரை போட்டுக் கொடுத்து, தோண்டச் சௌகரியமாகக் கீழே தூளும் கொட்டிவைத்திருக்கிறோமே. கட்டை போட்ட இரண்டு மூன்று வருஷத்தில் தரை அங்கங்கே உள்வாங்குகிறதல்லவா, போய்த் தூக்கிப் பாருங்கள். செடியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், அடிக்கிளைகளைக் கழித்து விடுங்கள், வாசலில் ஒரு விளக்குப் போடுங்கள். பாதி பயம் தீரும்.

கொசு என்கிறார்கள். கொசு மண்ணில் முட்டை இடுவதில்லை, தேங்கிய தண்ணீரில் இடுகிறது. மண் தண்ணீரை உறிஞ்சிவிடும். உள்வாங்கின தரையில், மூடிய குழியில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த பிளாஸ்டிக் தட்டில்தான் அது தேங்கி நிற்கும்.

பெருக்கிச் சுத்தம் செய்ய முடியவில்லை என்பது மூன்றாவது. இது உண்மை. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, நமக்கும் இடுப்பு வளைவதில்லை. ஆனால் இலை விழுந்தால் அது குப்பை என்று யார் சொன்னது? செடிக்கு அடியில் தள்ளிவிட்டால் மூன்று மாதத்தில் மக்கிப் போகிறது. பாதையை மட்டும் பெருக்கினால் போதும். 480 சதுர அடி பெருக்குவதும் 50 சதுர அடி பெருக்குவதும் ஒன்றா?

வழுக்கி விழுவோம் என்பதுதான் நம் வயதுக்காரர்களின் நிஜமான பயம். எனக்கும் உண்டு. எங்கள் தெருவில் போன மார்கழியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எங்கே விழுந்தார் தெரியுமா? பாசி படிந்த இன்டர்லாக் தரையில், விடியற்காலையில், பால் பாக்கெட் எடுக்கப் போனபோது. மண்ணில் நடக்காதீர்கள், நானும் சொல்கிறேன். நல்ல பாதையில் நடங்கள்.

இனி அந்தப் பாதையைப் பற்றி. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதங்கள் உண்டு.

அகலம் நாலடி. மூன்றடிக்கு மேல் எதற்கு என்று கேட்பார்கள். ஒருவர் நடக்க மூன்றடி போதும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரை இன்னொருவர் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திவர நாலடி வேண்டும். வாக்கருக்கும் சக்கர நாற்காலிக்கும் நாலடி வேண்டும். கடைசியில் ஒரு நாள் நாலு பேர் நம்மைத் தூக்கிக்கொண்டு போகவும் நாலடி இருந்தால் அவர்களுக்குச் சௌகரியம். (இதைப் படித்துவிட்டு என் மனைவி "காலங்கார்த்தால என்ன பேச்சு இது" என்றாள். இருந்தாலும் அடிக்கவில்லை.)

இங்கிலீஷ் பத்திரிகைப் படங்களில் வருகிற மாதிரி புல்லுக்கு நடுவே தனித்தனியாக மிதக்கிற கற்கள் வேண்டாம். பார்க்க அழகு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது தாண்டுகோல் விளையாட்டு. கல் ஒன்றையொன்று ஒட்டினாற்போல், நடுவே ஓர் அங்குல இடுக்கு மட்டும் விட்டுப் பாவ வேண்டும். இடுக்கில் மணலும் மண்ணும் நிரப்பினால் அருகம்புல் தானாக வரும்.

கல், கருங்கல். நம் பல்லாவரம், திரிசூலம் மலைக் கல்லைப் பற்றி ஒரு சங்கதி சொல்கிறேன், பாதைக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படுகிற ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் நம் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்துத்தான் 1893-இல் இந்தப் பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர் கொடுத்தார். உலகப் புவியியல் புத்தகங்களில் எல்லாம் இருக்கிற பெயர். முன்னூறு வருஷத்துக்கு மேல் வங்காளத்து மழையில் நனைந்தும் அந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்ட கல் மலையடிவாரத்தில் வாழ்ந்துகொண்டு, வெயிலில் வெளுத்து மூன்றே வருஷத்தில் முனை உதிர்கிற சிமென்ட் கட்டையை வாங்குகிறோம்.

கடப்பா கல் மலிவு. அலமாரிக்கும் மேடைக்கும் அது நல்ல கல். பாதைக்கு வேண்டாம், கறுப்பு, சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது, நனைந்தால் வழுக்கும், நாளாவட்டத்தில் ஏடு ஏடாக உரியும். பாலிஷ் போட்ட கிரானைட் வாசலில் இருந்தால் அது எலும்பு டாக்டருக்கு நாம் செய்கிற உபகாரம். மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பலகைதான் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குல கனம். ஒரு பலகை ஐம்பது கிலோ இருக்கும், ஆகையால் பேரனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லாதீர்கள். கல் வேலை தெரிந்த ஆட்களை வையுங்கள். பழைய வீடு இடிக்கிற இடங்களில் விசாரித்தால் பாவுகற்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஐம்பது வருஷம் மிதிபட்டுத் தேய்ந்த கல்லின் மேல் நடக்கிற சுகமே வேறு.

அடியில் கான்கிரீட் கூடாது. நாலு அங்குலம் தோண்டி, இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, நனைத்துத் தட்டி, அதன்மேல் பலகை. குறுக்கு வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். ஆனால் வாட்டம் தெருவைப் பார்த்து இருக்கக் கூடாது, செடிப் பாத்தியைப் பார்த்து இருக்க வேண்டும். பாத்தி மண் கல்லைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இந்த ஓர் அங்குலத்தைத்தான் எந்த மேஸ்திரியும் செய்யமாட்டேன் என்கிறார். மண்ணைக் குவித்து மேடாக்கிவிட்டுப் போகிறார். மழையில் சேறு பாதைக்கு வருகிறது. "பார்த்தீங்களா, மண்ணுன்னா இப்படித்தான்" என்கிறார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்ய வையுங்கள்.

கார் இருந்தால் சக்கரம் போகிற தடத்துக்கு இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை. அதற்கு மூன்று அங்குலக் கல், அடியில் ஜல்லி. நடுவே புல். பழைய பங்களாக்களில் இப்படித்தான் இருக்கும். ஆக, பாதைக்கு 48 சதுர அடி, கார் தடத்துக்கு 48. மொத்தம் 96. முன்வாசலில் ஐந்தில் ஒரு பங்கு. மற்ற நான்கு பங்கையும் எதற்காக மூட வேண்டும் என்று இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கல் வேலையை ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். புரட்டாசியில் செடி.

பேரனின் இங்கிலீஷ் பாடத்தில் 'ஆட்டம்' என்ற பருவத்தில் இலைகள் சிவந்து உதிர்வதாக ஒரு படம். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அவர்கள் ஊரில் தோட்டம் உறங்கப் போகிற நேரம் நமக்கு விழிக்கிற நேரம். புரட்டாசியில் சாயங்கால இடிமழை நாலைந்து பெய்து மண் நெகிழ்ந்திருக்கும், கோடைச் சூடும் முழுக்க ஆறியிருக்காது. அப்போது வைத்த கன்று பெருமழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். தை பிறக்கும்போது அதற்கு நான்கு மாத வேர். சித்திரை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். நாமோ கிருகப்பிரவேசத்துக்காகத் தையிலும் பங்குனியிலும் செடி வாங்கி வைத்துவிட்டு, வைகாசி வரைக்கும் லாரித் தண்ணீர் ஊற்றி, அதுவும் போன பிறகு "நம்ம மண்ணுக்கு ராசியில்லை" என்கிறோம்.

ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி. எடுத்த மண்ணோடு மக்கிய எரு, இரண்டு பிடி வேப்பம்புண்ணாக்கு. கன்றின் அடியைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி வையுங்கள். ஐப்பசி அடைமழையில் குழியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, டிசம்பர் பூ இவற்றுக்கெல்லாம் நர்சரிக்கே போக வேண்டாம். அடுத்த வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்கிச் சாய்வாக நட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும். பூசணி விதையை இப்போது ஊன்றினால் மார்கழிக் கோலத்துக்குச் சாணி உருண்டையில் செருகப் பூ கிடைக்கும். கடையில் பூசணிப்பூவைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்துவிட்டதே என்று எதிர்வீட்டு அம்மா அங்கலாய்க்கிறார். அவர் வீட்டு முன்னாலும் கட்டைதான். கேட்டால் மகன் போட்டது என்கிறார்.

வைக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். கொரியன் புல்: தினம் தண்ணீர் கேட்கிற பச்சைக் கம்பளம், நம் வெயிலில் அது ஒரு சம்பளமில்லாத வேலை. கோனோகார்பஸ்: காம்பவுண்டு ஓரம் பச்சைச் சுவர் மாதிரி வளர்க்கிறார்களே, அதுதான். அதன் வேர் குழாய்களையும் சுவரையும் துழாவுகிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்று குஜராத் அரசு 2023-இல் அதை நடவே தடை போட்டது. நாம் தேடிப்போய் வாங்கி வருகிறோம்.

கடைசியாக, காம்பவுண்டுக்கு வெளியே அந்த இரண்டடி மண். என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்தப் பகுதிதான். நம் தெருவில் பதினொரு மரங்கள் அந்த மண்ணில் நிற்கின்றன. ஏழு வேம்பு, மூன்று புங்கை, ஒரு பாதாம். வைத்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. தீர்மானப்படி மரத்தின் அடியை ஒட்டிக் கட்டை வரும். தில்லியில் இப்படி மரங்களின் கழுத்தை நெரித்துப் போட்ட கான்கிரீட்டை, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டருக்கு உடைத்து எடுக்கச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த மறுநாள் நான் நடந்துபோய்ப் பார்த்தேன். சாய்ந்து கிடந்த மரங்கள் பலவற்றின் வேர்த்தட்டு ஒரு பக்கம் சாலைத் தாரிலும் மறுபக்கம் நடைபாதைக் கான்கிரீட்டிலும் முட்டி, அதற்குமேல் பரவ வழியில்லாமல் நின்றிருந்தது. நம் தெரு மரங்கள் அன்றைக்குக் கிளைதான் இழந்தன. ஒன்றும் வேரோடு விழவில்லை. இரண்டு பக்கமும் மண் இருந்தது.

'என் வீடு, என் வாசல், என் காசு' என்று ஒருவர் சொன்னால் அவர் கேட்டுக்கு உள்ளே நான் போக முடியாது. ஆனால் மூன்று கேள்விகளைக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவரவர் வாசலில் விழுகிற மழை தெருவுக்கு வராமல் அவரவரே பார்த்துக்கொள்வார்களா? 2003-இல் தோண்டிய குழிகளை மூடி திறந்து தூர்வாரி, மாடிக் குழாயை மறுபடி இணைத்த பிறகுதான் கட்டை என்று ஒரு வரி தீர்மானத்தில் சேர்ப்பார்களா? மரத்தைச் சுற்றி நாலுக்கு நாலு அடி மண்ணுக்கு யார் பொறுப்பு? மூன்றில் ஒன்றுக்காவது எழுத்தில் பதில் வராமல் ஓட்டுக்கு விடக் கூடாது. உங்களில் நான்கைந்து பேர் பின்வரிசையில் உட்கார்ந்து இதையே திருப்பிக் கேட்டால் போதும். முன்வரிசை தன்னால் திரும்பிப் பார்க்கும்.

கூட்டம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களும் மாற்றி ஓட்டுப் போடலாம், விதிமுறையில் இடமிருக்கிறது, பார்த்துவிட்டேன். என் வீட்டுப் பவழமல்லிக்கு அடியில் இந்த மழைக்கு 14 கன்றுகள் முளைத்திருக்கின்றன. பால் கவரில் எடுத்து நிழலில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் கூட்டத்துக்கு ஒரு பை கொண்டுவாருங்கள். நாலு மணி நேர வெயிலும், சுவரிலிருந்து நாலடி தள்ளி இடமும் இருந்தால் போதும்.